புதுச் செயினுக்குக் காசு கொடுத்துப் பழைய செயினோடு ஸ்பிதி போன கதை

லடாக், இமாச்சலத்து ஸ்பிதிப் பள்ளத்தாக்கு போகிறேன் என்று பைக்கைப் பட்டறையில் விடப்போகிறவர்கள் இதை ஒரு தடவை படித்துவிட்டு விடுங்கள். கடையின் பெயரைப் போடவில்லை. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

வண்டி ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411, ஓடியது 31,000 கிலோமீட்டர். சென்னையில் டூரிங் வண்டிகளை மட்டும் பார்ப்பதாகச் சொல்லும் ஒரு பட்டறை. சுவர் முழுக்கப் பனிமலைப் படங்கள். செயின் ஸ்பிராக்கெட் கிட் (செயினும் அது ஓடும் பல் சக்கரங்களும்), கோன் செட் (ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங்), ஃபோர்க் ஆயில், பிரேக் ஆயில், ஏர் ஃபில்ட்டர் எல்லாம் புதிது என்று கூலியோடு 18,400 ரூபாய் வாங்கினார்கள். வண்டி பளபளவென்று கைக்கு வந்தது. "தம்பி, இனிமே கண்ண மூடிக்கிட்டுப் போகலாம்" என்றார் கடைக்காரர். நானும் மூடிக்கொண்டுதான் போனேன்.

இதில் என் தப்பும் உண்டு. வண்டியை எடுத்த மறுநாளே டெல்லிக்கு ரயில் பார்சல். பார்சலில் போட டேங்கில் பெட்ரோல் இருக்கக் கூடாது, எல்லாவற்றையும் இறக்கி, சாக்கு சுற்றி அனுப்பியாயிற்று. பட்டறையிலிருந்து வீட்டுக்கு வந்த ஆறு கிலோமீட்டர்தான் நான் ஓட்டிப் பார்த்தது.

சிம்லா வரை ஒன்றும் தெரியவில்லை. கின்னோர் மாவட்டத்தில் நாக்கோ ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரைத் திருகினால் பின்னால் 'டக் டக்' என்று ஒரு சத்தம். தூசியாக இருக்கும் என்று செயினுக்கு லூப் (மசகு ஸ்பிரே) அடித்துவிட்டு ஓட்டினேன். ஸ்பிதியில் உள்ள காசா என்ற ஊர் போய்ச் சேர்ந்ததும் அங்கிருந்த மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. குத்தவைத்து உட்கார்ந்து, பின் ஸ்பிராக்கெட்டின் பின்பக்கம் செயினைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். செயின் தூக்கிக்கொண்டு வந்தது. அடியில் பாதிப் பல் தெரிந்தது. பல் ஒவ்வொன்றும் அரிவாள் நுனி மாதிரி ஒரே பக்கமாக வளைந்திருந்தது. புதுச் செயின் பல்லோடு ஒட்டித்தான் உட்காரும், இப்படி எழும்பாது.

"போன வாரம்தான் மாற்றினேன்" என்று என் அரைகுறை இந்தியில் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் இருந்த கோடுகளைக் காட்டினார். செயின் நீள நீள, டைட் வைப்பதற்காகச் சக்கரத்தைப் பின்னால் தள்ளிக்கொண்டே வருவோம். புதிது போட்டால் சக்கரம் முன்னால் வந்துவிட வேண்டும். என் வண்டியிலோ அச்சு கடைசிக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. இரண்டு கோட்டைப் பார்க்கத் தெரியாமல் 18,400 கொடுத்திருக்கிறேன்.

அங்கே என் வண்டிக்கான கிட் கிடைக்கவில்லை. இரண்டு லிங்க்கை வெட்டி, செயினைக் குறுக்கிப் பூட்டி, மணாலி வரை மெதுவாகப் போகச் சொன்னார். குன்சும் கணவாய் 4,500 மீட்டருக்கு மேல். அங்கிருந்து பாத்தல் இறக்கத்தில் அடுத்த வேடிக்கை: முன் பிரேக் லீவர் பஞ்சு மாதிரி அமுங்க ஆரம்பித்தது. நிறுத்தி, ஆயில் டப்பாவின் கண்ணாடியைப் பார்த்தேன். டிகாக்‌ஷன் நிறம். பழைய பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடாகும்போது அந்தத் தண்ணீர் கொதித்து ஆவியாகிவிடும். அப்புறம் லீவரை எவ்வளவு அமுக்கினாலும் பிடிக்காது. அரை மணி நேரம் ஆறவிட்டு, மீதி தூரத்தை முதல் கியரிலேயே இறக்கினேன். சத்ரு என்ற இடத்துக்குப் பக்கம் ஒரு ஓடையில், முழங்கால் தண்ணீரில், செயின் பல்லைவிட்டுத் துள்ளி நின்றுவிட்டது. பின்னால் வந்த ஜீப்காரர்கள் இறங்கித் தள்ளினார்கள்.

மணாலியில் கிட் வாங்கி மாட்டும்போது கோன் செட்டையும் பிரித்துப் பார்க்கச் சொன்னேன். கிரீஸ் தார் மாதிரி காய்ந்திருந்தது, கிண்ணத்தில் வரிசையாகக் குழிகள். வண்டியை சென்டர் ஸ்டாண்ட் போட்டு முன் சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டில்பாரை ஒரு விரலால் திருப்பினால் நடுவில் சிக்கி நிற்கும். அதை நான் வீட்டு வாசலிலேயே பார்த்திருக்கலாம். ஏர் ஃபில்ட்டரைப் பற்றி எழுதவே வேண்டாம். உருப்படியாக இருந்தது நானே வாங்கிப் பையில் வைத்திருந்த 21 இஞ்ச் ட்யூப் மட்டும்தான்.

இப்போது கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே வேலையை முடித்துவிடுகிறேன். பழைய சாமான்களில் மார்க்கரால் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வண்டியை விடுவேன். கையெழுத்துப் போட்டது திரும்பி என் கைக்கு வந்தால்தான் காசு. பிறகு பெட்டிகளில் சுமை ஏற்றி ஏலகிரி வரை ஒரு நடை.

ஊர் திரும்பியதும் பட்டறைக்குப் போனேன். "அண்ணே, என்னோட பழைய செயின் எங்க?" என்று கேட்டேன். "அதெல்லாம் அன்னைக்கே இரும்புக் கடைக்குப் போட்டாச்சு தம்பி" என்றார். பையிலிருந்து எடுத்து அவர் மேஜையில் வைத்தேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு கடைப் பையன் மேல் பழியைப் போட்டு 4,000 ரூபாய் எடுத்துக் கொடுத்தார்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுக்கலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். கொடுக்கலாம்தான், கையில் ஒழுங்கான பில் இருந்தால். என்னிடம் இருப்பது 'எஸ்டிமேட்' என்று எழுதிய ஒரு வெள்ளைத் தாள். அதில் கடைப் பெயர் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை. என் வண்டி நம்பரைக்கூடப் பென்சிலில்தான் எழுதியிருக்கிறார்கள்.