மெழுகு அடைத்த சங்கு

எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலின் பழைய சங்கு, 2009இல் போரால் இடம்பெயர்ந்தபோது எந்த வழியில் விழுந்ததோ யாருக்கும் தெரியாது. திரும்பி வந்த பிறகு, கைப்பேசியில் பதிந்து வைத்த சங்கொலியைத்தான் பூசைக்கு ஒலிபெருக்கியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் தீபாராதனை நடக்கும்போது யாரோ வெளிநாட்டிலிருந்து அழைக்க, சங்குக்குப் பதிலாகச் சினிமாப் பாட்டு ஊர் முழுக்கக் கேட்டது. அன்று மாலையே உண்மையான சங்கு வாங்குவதென்று நிர்வாகம் முடிவு செய்தது. விலங்கியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள் என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

மாங்குளத்திலிருந்து வவுனியா, அங்கிருந்து மன்னார் பஸ். முருங்கன் தாண்டியபின் வீதியோரத்தில் இருக்கிறது அந்தக் கடை. பெயரை எழுதப் போவதில்லை. அங்கே வேலை செய்யும் முதியவர் கடைசியில் நடந்துகொண்ட விதத்துக்காக அந்த மரியாதை. தகரக் கூரை, முன்பக்கம் சோகி மாலைகள், முத்துச்சிப்பி ஓட்டில் செய்த சவுக்காரத் தட்டுகள். பின்பக்கம் ஒரு முதியவர் மோட்டாரில் சுழலும் கல்லில் சங்கு தேய்த்துக்கொண்டிருந்தார். புருவம் வரை வெள்ளைத் தூள்.

வலம்புரி என்று சொல்லி யாரும் என்னை ஏமாற்றப் பார்க்கவில்லை. அதற்கு ஒரு புள்ளி. சாதாரணச் சங்கையே காட்டினார்கள். இரண்டு கைகளாலும் பிடிக்கும் அளவு, பால் போன்ற வெள்ளை, 9,000 ரூபா. நுனிப் பக்கம் மட்டும் சில இடங்கள் சற்று மங்கலாக இருந்தன. கேட்டேன். "கடலில் பட்ட காயம், ரீச்சர். ஊதுவதற்கு ஒன்றும் ஆகாது" என்றார் கடைக்காரர். நானும் நம்பினேன். இத்தனை வருடம் படிப்பித்தவள் அந்த இடத்தை நகத்தால் ஒருமுறை சுரண்டிப் பார்த்திருக்க வேண்டும்.

வீட்டில் பெட்டியைத் திறந்தால் கருவாட்டு வாடை. மஞ்சள் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்தும் முழுதாகப் போகவில்லை. ஆனால் ஓசை நன்றாகவே இருந்தது. எங்கள் சங்கு ஊதும் பெரியப்பா முதல் நாள் மாலை ஊதியபோது குளக்கட்டில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சதுர்த்தியன்று மதியம்தான் விடயம் வெளிப்பட்டது. வெயிலில் வாகனத்துக்கு முன்னால் அரை மணி நேரம் நடந்த பிறகு, பெரியப்பா கன்னம் உப்ப ஊதுகிறார், விரலிடுக்கில் புஸ்ஸென்று காற்றுப் போகிறது. சங்கை இறக்கி என் கையில் கொடுத்தார். "இது ஊதவில்லை பிள்ளை, பெருமூச்சு விடுகிறது."

அன்றிரவு அதைச் சுடுநீரில் பிடித்தேன். மங்கலான இடங்களிலிருந்து மெழுகு உருகி வந்தது. சங்குத் தூளைக் கலந்து நிறம் சரிக்கட்டிய மெழுகு. அதன் கீழே, இரண்டிரண்டாக ஒட்டிய சிறு துளைகள். 8 என்ற இலக்கத்தை ஊசியால் குத்தியது போல. கைவில்லையை எடுத்ததும் எனக்குக் கோபம் பாதி குறைந்துவிட்டது. இதைப் பாடப் புத்தகப் படத்தில் காட்டியிருக்கிறேனே தவிர, கையில் பிடித்ததில்லை.

பொலிடோரா என்ற கடற்புழுவும் அதன் இனத்தாரும் தோண்டும் வீடு அது. மண்புழுவுக்குத் தூரத்துச் சொந்தம். பெரும்பாலும் ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் நீளம். குஞ்சுப் பருவத்தில் நீரில் மிதந்து திரிந்து, ஏதாவது ஓட்டின் மேல் வந்து இறங்கும். பிறகு சுண்ணாம்பைக் கரைக்கும் திரவத்தைச் சுரந்து உள்ளே போகும். உடலின் ஐந்தாவது வளையத்தில் மட்டும் தடித்த முட்கள் உண்டு. அவையும் சுரண்டுவதற்கு உதவுகின்றன. சுரங்கம் கொண்டையூசி வடிவில் வளைந்து திரும்புவதால்தான் வாசல் இரண்டாகத் தெரிகிறது. வாசலில் சேற்றால் ஒரு சிறு குழாய் கட்டி, இரண்டு நீண்ட உணர்கொம்புகளை வெளியே நீட்டி, நீரில் வரும் துகள்களைப் பிடித்துத் தின்னும். சங்கின் சதையை அது தொடுவதில்லை. அதற்கு வேண்டியது வீடு மட்டும், வாடகை இல்லாமல்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மணலில் ஊர்ந்து திரியும் சங்குக்கு இரையே கடற்புழுக்கள்தான். புழுத் தேடித் தின்கிற சங்கின் முதுகில், அதே கூட்டத்துப் புழு ஒன்று சுரங்கம் தோண்டிக் குடியிருக்கிறது. சங்கால் திரும்பித் தன் முதுகைத் தின்ன முடியாது.

உயிரோடு இருக்கும்வரை சங்கு ஓட்டின் உட்புறத்தைத் தடிப்பாக்கிச் சமாளிக்கும். நுனிதான் ஓட்டின் மிகப் பழைய பகுதி. அதிக காலம் கடலைப் பார்த்ததும் அதுவே, அதிகம் அரிபடுவதும் அதுவே. ஊதுவதற்காக வெட்டுவதும் அந்த நுனியைத்தான். வெள்ளையாக்குவதற்கென்று மேற்புறத்தைக் கல்லில் தேய்த்துத் தேய்த்து மெல்லியதாக்கினால், பாதியில் நின்ற சுரங்கத்துக்கும் உட்புறத்துக்கும் இடையே மிஞ்சிய மெல்லிய சுவரும் உடைந்துவிடலாம். என் சங்குக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஆகவே குற்றம் புழுவினுடையது அல்ல. அரித்த சங்கு கடலில் கிடைக்கத்தான் செய்யும். மெழுகு பூசி நல்ல சங்கு விலைக்கு விற்றதுதான் குற்றம். வாடையும் அங்கிருந்துதான்: சுரங்கத்துக்குள் சேறும் செத்த புழுவும் இருக்க, மேலே மெழுகால் மூடிவிட்டார்கள்.

தொலைபேசியில் கடைக்காரர் பிடி கொடுக்கவில்லை. "கொண்டு வாருங்கள், திரும்ப அடைத்துத் தருகிறோம்" என்றார். பணம் திரும்பாதாம். மறு வாரம் மீண்டும் பஸ். கடைக்காரரோடு வாதாடுவதற்குள், பின்பக்கத்து முதியவர் எழுந்து வந்து என் கையிலிருந்த சங்கைப் பார்த்தார். ஒரு வார்த்தையும் பேசாமல் உள்ளே போய், தேய்க்காத சங்குகள் கிடந்த சாக்கை இழுத்து வந்து என் முன்னால் கொட்டினார். ஒரு வாளித் தண்ணீரும் வைத்தார். பழுப்புத் தோல் போகாத சங்குகள். நுனியை அறுத்துத் தருவார்; சங்கின் வாயைக் கையால் அழுத்தி மூடி நீருக்குள் அமிழ்த்தி, நுனியில் ஊத வேண்டும்; குமிழி வந்தால் அந்தப் பக்கம் வை. மூன்றாவதில் குமிழி வரவில்லை. அளவு சற்றுப் பெரிது என்று கடைக்காரர் மேலும் 500 ரூபா கேட்டார். கொடுத்தேன்.

முதியவர் அறுக்கும் நேரத்தில் சவுக்காரத் தட்டுகளைப் புரட்டினேன். ஒன்றில் உட்புறப் பளபளப்புக்குக் கீழே கருத்த கொப்புளம். அதுவும் அதே புழுவின் வேலை. சிப்பியின் ஓடு மெல்லியது. புழு உட்பக்கம் வரை வந்துவிட்டால், சிப்பி அதன் மேல் முத்துப் பூச்சைப் பூசி மூடிவிடும். உள்ளே சேறு, மேலே முத்து. (கடைக்காரரும் இங்கிருந்துதான் தொழில் பழகினாரோ என்னவோ.) சிப்பி வளர்ப்பவர்களுக்கு இது பெரிய தலைவலி. கூடைகளைக் காற்றில் காயவிட்டோ, நன்னீரில் முக்கியோ புழுவைக் கொல்கிறார்கள். கொப்புளம் உள்ள சிப்பியைத் தின்றால் மனிதருக்குக் கேடில்லை. தட்டில் பார்க்க மட்டும் அருவருப்பு.

மன்னார் முத்துக்கும் புழுவுக்கும் இன்னொரு பழைய கணக்கும் உண்டு. லிவர்பூல் பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மன் 1902இல் இலங்கைக்கு வந்து இந்த வளைகுடாவின் முத்துப் பார்களை, அதாவது முத்துச்சிப்பி வாழும் கடலடித் திட்டுகளை, ஆராய்ந்தார். 1903 முதல் 1906 வரை வெளியான அவருடைய அறிக்கைகள், நல்ல முத்துகளின் கருவாக இருப்பது நாடாப்புழுவின் இளம்பருவம் என்றன. சிப்பியைத் தின்னும் திருக்கையின் குடலில் அந்தப் புழு முதிர்கிறதாம். பின்னால் வந்தவர்கள் இதை அப்படியே ஏற்கவில்லை. ஆனால் அரிப்பு என்ற ஊரில் அல்லிராணிக் கோட்டைக்குப் போகிறவர்கள், முத்துக்குளிப்பை மேற்பார்வையிடப் பிரித்தானிய ஆளுநர் நோர்த் கட்டிய அந்த இடிந்த சுவர்களுக்கு முன்னால் நின்று இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். கொப்புளத் தட்டை 150 ரூபாவுக்கு வாங்கினேன்.

இந்தக் கடைக்குப் போகலாமா என்று கேட்டால், போகலாம், ஆனால் முன்பக்கத்தில் எதையும் வாங்காதீர்கள். பளிச்சென்ற சங்கை விட்டுவிட்டுச் சாக்கைக் கேளுங்கள், வாளியையும் கேளுங்கள். ஐந்துக்கு இரண்டு கடைக்காரருக்கு; முதியவருக்கு ஐந்தும்.

பழைய சங்கைத் திருப்பித் தராமல் வைத்துக்கொள்வதற்கு 300 ரூபா கொடுத்தேன். அரித்த சங்கை எதற்கு விலை கொடுத்து வாங்குகிறேன் என்று கடைக்காரருக்கு விளங்கவில்லை. புதிய சங்கைப் பெரியப்பா இப்போது இரண்டு நேரமும் ஊதுகிறார். பழையது என் மேசையில் இருக்கிறது. மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகள் முறை வைத்து ஊசியால் மெழுகை எடுக்கிறார்கள். இதுவரை பதினேழு சோடித் துளைகள்.