புதைகேபிள் சூடு: சூத்திரமா, ஃபைனைட் எலிமென்ட்டா?

ஒற்றைக் கேபிள், ஒரே மாதிரி மண் என்றால் ஐஇசி 60287 (கேபிள் தாங்கும் மின்னோட்டத்தைக் கணக்கிடும் சர்வதேசத் தரநிலை) தரும் சூத்திரமே போதும், எக்செல்லில் முடிந்துவிடும். 50 மி.மீ. விட்டம், 1 மீட்டர் ஆழம், மண்ணின் வெப்பத் தடைத்திறன் 1 கெல்வின் மீட்டர்/வாட் என்று வைத்தால் வெளி வெப்பத்தடை, அதாவது கேபிளைச் சுற்றிய மண்ணின் தடை, சுமார் 0.70 கெல்வின் மீட்டர்/வாட் வரும். மீட்டருக்கு 30 வாட் இழப்பில் கேபிளின் மேற்பரப்பு சூழலைவிட 21 டிகிரி கூடும். மண் காய்ந்து தடைத்திறன் 2.5 ஆனால் அதுவே 52 டிகிரி. மண்ணை அளக்காமல் எந்த முறையில் கணக்கிட்டும் பயனில்லை.

காங்கிரீட் பொதி, பக்கத்தில் நீராவிக் குழாய், பாதி உலர்ந்த மண் என்று வந்தால் ஃபைனைட் எலிமென்ட்தான் சரி; கேபிளையும் மண்ணையும் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணினியில் தீர்க்கும் முறை அது. ஆனால் அதில் பிழைகள் ஒளிந்துகொள்ளும். தாமிரத்தின் மின்தடையை 20 டிகிரி மதிப்பிலேயே விட்டுவிடுவது பெரிய தவறு: எக்ஸ்எல்பிஇ (குறுக்குப் பிணைப்புள்ள பாலிஎத்திலீன்) காப்புள்ள கேபிளின் 90 டிகிரி வரம்பில் அது ஏறத்தாழ 27% கூடியிருக்கும், இழப்பும் அவ்வளவு கூடும். ஆகவே மின்தடையை வெப்பநிலையோடு இணைத்தே தீர்க்க வேண்டும். கணினி மாதிரியின் பக்க எல்லையைக் கேபிளிலிருந்து 2 மீட்டரில் நிறுத்தி அங்கே மண்ணின் இயல்பு வெப்பநிலையை நிலையாகக் கொடுத்தாலும் கேபிள் சூடு உண்மையைவிடக் குறைவாகவே வரும். 10 மீட்டராவது தள்ளி வையுங்கள்.

மாதிரியை முதலில் மேலே சொன்ன ஒற்றைக் கேபிளுக்கு ஓட்டுங்கள். வெளி வெப்பத்தடை 0.70 வராவிட்டால் மேலே போகாதீர்கள்.