ட்ரீம்வீவர் கற்க ரெஃபரன்ஸ் புத்தகம் உதவுமா? பல ஆண்டுகள் பயன்படுத்திய பிறகு ஒரு பதில்

கோயம்புத்தூர் உக்கடத்துப் பழைய புத்தகக் கடை ஒன்றில் வலைப்பக்கங்களை வடிவமைக்கும் அடோபி மென்பொருளான ட்ரீம்வீவரின் சிஎஸ்6 பதிப்புக்கான தடித்த ரெஃபரன்ஸ் புத்தகம் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கிறது என்றும், அதை வாங்கினால் வலைப்பக்க வடிவமைப்பைத் தானாகவே கற்றுக்கொள்ள முடியுமா என்றும் வேலந்தாவளத்து நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். அதே புத்தகம் கொழிஞ்சாம்பாறையில் என் டிடிபி கடை மேசையில் பல ஆண்டுகளாக இருக்கிறது. அட்டை கிழிந்து, முதுகில் செல்லோ டேப் ஒட்டி, நடுப்பக்கங்கள் தனியே கழன்று வரும் நிலையில் இருக்கிறது. எனவே கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

இத்தகைய புத்தகங்களைப் பற்றி எல்லோரும் முதலில் சொல்லும் குறை, அவை சீக்கிரம் பழையதாகிவிடும் என்பது. அதில் பொய்யில்லை. 2012இல் வெளிவந்த சிஎஸ்6ஐ வைத்து எழுதப்பட்ட இப்புத்தகத்தில் ஸ்ப்ரை விட்ஜெட்டுகளுக்கென்று (மெனு போன்றவற்றுக்கான ஆயத்தத் துண்டுகள்) நீண்ட அத்தியாயம் உண்டு. மறு ஆண்டே சந்தா முறையில் வந்த சிசி பதிப்பில் ஸ்ப்ரை நீக்கப்பட்டு, பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் மொழியான சிஎஸ்எஸ்ஸுக்கு இருந்த பழைய ‘சிஎஸ்எஸ் ஸ்டைல்ஸ்’ பேனலின் இடத்தில் ‘சிஎஸ்எஸ் டிசைனர்’ என்ற புதிய பேனல் வந்துவிட்டது. புதிய பதிப்பு வைத்திருப்பவர், புத்தகத்துப் படத்தில் அம்புக்குறி காட்டும் பொத்தானைத் திரையில் தேடித் தேடிச் சலித்துப்போவார். மாதச் சந்தா கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாத என் கடையில் இன்றும் சிஎஸ்6தான் ஓடுகிறது என்பதால், இந்தக் குறை என்னை அவ்வளவாகத் தொடவில்லை. என் எரிச்சல் வேறு.

புத்தகத்தின் மாதிரிப் பக்கங்கள் அனைத்தும் ‘லோரம் இப்சம்’ என்று தொடங்கும் இலத்தீன் நிரப்பெழுத்தால் ஆனவை. பண்டைய ரோமானிய எழுத்தாளர் சிசரோ எழுதியதைச் சிதைத்து எடுத்த அந்த வரிகளை அச்சுக்கூடக்காரர்கள் நிரப்புவதற்குப் பயன்படுத்தியதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தச் சின்னச் சின்னச் சொற்களுக்குப் பொருந்தும்படி பெட்டியின் அகலத்தையும் உயரத்தையும் பிக்சல் கணக்கில் இறுக்கிக் கட்டிவிட்டு, அதுவே வடிவமைப்பு என்று பக்கம் பக்கமாகச் சொல்லிக்கொடுப்பதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. எங்கள் சித்தூர் தாலுகாவில் கல்யாண மண்டபத்துக்கு வலைப்பக்கம் கேட்டு வருபவர் தமிழிலும் மலையாளத்திலும் வேண்டும் என்றுதான் கேட்பார். தென்னங்கன்று விற்கும் நர்சரிக்காரருக்கோ பொள்ளாச்சிப் பக்கத்து வாடிக்கையாளர்களே அதிகம் என்பதால் தமிழ்தான் முதலில் வர வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். புத்தகத்தின் மெனு பயிற்சியில் ஐந்து பொத்தான்கள். ஒவ்வொன்றும் 120 பிக்சல் அகலம், 30 பிக்சல் உயரம். ‘ஹோம்’, ‘அபௌட்’ என்று ஆங்கில எழுத்தில் இருக்கும்வரை அழகாகத்தான் நிற்கும். அதே இடத்தில் ‘எங்களைப் பற்றி’ என்று 16 பிக்சல் அளவில் தட்டினால், பொத்தானுக்குள் இடம் போதாமல் ‘பற்றி’ இரண்டாம் வரிக்கு இறங்கி, உயரம் 30 என்று கட்டிவைத்திருப்பதால் பெட்டியைத் தாண்டிக் கீழே உள்ள பேனர் படத்தின்மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். மலையாளத்தில் நிலைமை இன்னும் வேடிக்கை. அங்கே ‘ஞங்ஙளெக்குறிச்சு’ என்பது இடைவெளி இல்லாத ஒரே சொல். உலாவி வரியை முறிக்க இடைவெளியைத்தான் தேடும் என்பதால், அது கீழே இறங்காமல் பக்கவாட்டில் நீண்டு அடுத்த பொத்தானுக்குள் நுழைந்துவிடும். ஆக, ஒரே பொத்தான், ஒரே பொருள், இரண்டு மொழியில் இரண்டு விதமாக உடைகிறது. இதற்குப் புத்தகம் சொல்லும் மருந்து, பெட்டியில் அடங்காததை என்ன செய்வது என்று சொல்லும் ‘ஓவர்ஃப்ளோ’ என்ற சிஎஸ்எஸ் பண்பில் ‘ஹிட்டன்’ (மறை) என்று கொடுப்பது. கொடுத்தால் வெளியே வழிந்த எழுத்து காணாமல் போகும். ‘எங்களைப்’ என்ற அரைகுறைச் சொல்லை மட்டும் காட்டும் பொத்தானை எந்த மண்டபக்காரர் ஏற்றுக்கொள்வார்?

எழுத்துரு அத்தியாயமும் இப்படித்தான். எல்லாக் கணினியிலும் இருக்கும் பாதுகாப்பான எழுத்துருக்கள் என்று ஏரியல், வெர்டானா, ஜார்ஜியா, டைம்ஸ் ஆகியவற்றை வரிசைப்படுத்தி, எதை எதோடு சேர்க்கலாம் என்று நீளமாக விளக்குகிறார்கள். அவற்றில் எதிலும் தமிழ் எழுத்துகள் இல்லை. நாம் எதைத் தேர்ந்தெடுத்தாலும், உலாவி அதை ஒதுக்கிவிட்டு, பழைய விண்டோஸில் லதாவையோ, விண்டோஸ் 8 முதல் நிர்மலா யுஐயையோ எடுத்துப் போட்டுவிடும். வரி உயரம் எழுத்தளவைப்போல் 1.2 மடங்கு இருந்தால் போதும் என்று எழுதியிருப்பதும் ஆங்கிலத்துக்கு மட்டுமே செல்லும். கூட்டெழுத்துகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கும் பழைய லிபியில், ரசனா போன்ற எழுத்துருவில், மலையாளத்தை 1.2இல் விட்டுப் பாருங்கள். மேல்வரியின் அடியும் கீழ்வரியின் தலையும் முட்டிக்கொள்ளும். நான் இரண்டு மொழிக்கும் 1.6க்குக் கீழே வைப்பதில்லை. மேற்கோள்களைச் சாய்வெழுத்தில் போடச் சொல்லும் அறிவுரையையும் தள்ளிவிடலாம். தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் சாய்வு வடிவமே கிடையாது. உலாவி தானாகச் சாய்த்துக் காட்டுவது, காற்றில் சாய்ந்த வாழை மாதிரி இருக்கும்.

இவ்வளவு கோபத்தோடும் அந்தப் புத்தகத்தை நான் ஏன் இன்னும் பழைய பேப்பர்காரரிடம் போடவில்லை என்று கேட்டால், இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, ஓர் உறுப்பு திரையில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று கணக்கிடும் ‘பெட்டி மாதிரி’ (பாக்ஸ் மாடல்) பற்றிய அத்தியாயம். 200 பிக்சல் அகலம் கொடுத்த ஒரு டிவ்வுக்கு (பக்கத்தில் ஒரு பெட்டிப் பகுதி) இருபுறமும் 20 பிக்சல் பேடிங்கும் (உள் இடைவெளி) 1 பிக்சல் பார்டரும் (விளிம்புக் கோடு) சேர்த்தால் அது திரையில் 242 பிக்சலை அடைத்துக்கொள்ளும், அதனால்தான் பக்கத்தில் ‘ஃப்ளோட்’ பண்பால் மிதக்கவிட்ட பத்தி இடமில்லாமல் கீழே விழுகிறது என்பதைக் கோடுபோட்ட படத்தோடு அவ்வளவு தெளிவாக வேறு எங்கும் நான் படித்ததில்லை. ‘பாக்ஸ்-சைஸிங்’ பண்பை ‘பார்டர்-பாக்ஸ்’ என்று மாற்றினால் அந்தக் கணக்கே தேவைப்படாது என்ற செய்தி அதே அத்தியாயத்தின் கடைசியில் வருவதும், கஷ்டத்தைப் புரியவைத்த பிறகே வழியைச் சொல்வதும், எழுதியவர் நல்ல வாத்தியார் என்று காட்டுகின்றன. 2017இல் முக்கிய உலாவிகளுக்குக் கிரிட் என்ற கட்ட அமைப்பு முறை வந்த பிறகு மிதக்கவிடும் முறைக்கு வேலை குறைந்துவிட்டது. ஆனால் பேடிங்கும் பார்டரும் அன்றுபோலவே இன்றும் இடம் பிடிக்கின்றன.

இரண்டாவது, நான் எதிர்பாராத ஒன்று: கடைசியில் உள்ள சொல்லடைவும், சிஎஸ்எஸ் பண்புகளின் பின்னிணைப்பும். வாங்கும்போது இவற்றை நான் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. மேலே சொன்ன மலையாளப் பொத்தானுக்கு வழி கிடைத்தது அங்கேதான். நடு அத்தியாயங்களில் எங்குமே பேசப்படாத ‘வேர்ட்-ராப்’ என்ற பண்பு, பின்னிணைப்பில் பொடி எழுத்தில் ஒரே வரியில், நீளமான சொல்லைப் பெட்டிக்குள் முறிக்கும் என்று குறிக்கப்பட்டிருந்தது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்காக மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த அந்தப் பண்புக்கு இப்போதைய தரப்பெயர் ‘ஓவர்ஃப்ளோ-ராப்’. பழைய பெயரையும் உலாவிகள் ஏற்கின்றன. சொல்லை நடுவில் வெட்டுவது கண்ணுக்கு இனிதல்ல என்பதால், நான் முதலில் உயரத்தை எடுத்துவிட்டு, அகலத்தைப் பேடிங்கால் மட்டும் கட்டுப்படுத்துகிறேன். அதற்கும் அடங்காத சொல்லுக்குத்தான் இந்தப் பண்பு. யூடியூப் பாடங்களில் இப்படி ஒரு வரியைத் தேடி எடுக்க முடியாது. பெயர் தெரியாத பண்பை இணையத்தில் தேடுவதும் எளிதல்ல. அகரவரிசையில் கண்ணை ஓட்டும்போது, தேடாத ஒன்று அகப்படும் வாய்ப்பைப் புத்தகம்தான் தருகிறது.

சரி, நண்பர் வாங்கலாமா என்றால், வாங்க வேண்டாம். மேலே சொன்ன நல்லதையெல்லாம் நானே எழுதிவிட்டு இப்படிச் சொல்வது முரணாகத் தோன்றலாம். ஆனால் மண்டபத்துப் பக்கத்தில் வழிந்த எழுத்தை இந்த வாரமும் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த எனக்கு, பாதி விலை என்றாலும் அதே பயிற்சிகளை இன்னொருவர் தலையில் கட்ட மனம் ஒப்பவில்லை. பண்புகளின் விவரம் மட்டும் போதுமென்றால் மொசில்லாவின் எம்டிஎன் தளத்தில் செலவில்லாமல் படிக்கலாம். இந்திய எழுத்துகளைப் பக்கத்தில் அமைப்பது பற்றி, வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யு3சியின் ஆவணமும் இருக்கிறது.

இதற்குப் பிறகும் உக்கடம் போய் வாங்கித்தான் தீருவேன் என்றால், ஸ்ப்ரை அத்தியாயத்தைத் தாண்டிவிட்டு, ஒவ்வொரு பயிற்சியையும் தொடங்கும் முன் இலத்தீன் வரிகளை அழித்து, உங்கள் ஊர்க் கடைப் பலகைகளில் இருக்கும் தமிழையும் மலையாளத்தையும் தட்டிவிடுங்கள். எங்கே உடைகிறது என்பது முதல் நாளே தெரிந்துவிடும். கடைக்காரர் கையில் இருக்கும் பிரதியில் பின்னிணைப்புப் பக்கங்கள் முழுதாக இருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். என்னுடையதை மட்டும் இரவல் கேட்க வேண்டாம். அந்தப் பக்கங்கள் இல்லாமல் எனக்கு ஒரு நாள் வேலையும் ஓடாது.