கையில் இல்லாத லாட்டரிச் சீட்டுக்குப் பணம் அனுப்பாதீர்கள்: எல்லைக் கடைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை

பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலை வட்டாரங்களில் இருந்துகொண்டு கேரள லாட்டரி எடுக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் இதை எழுதுகிறேன். எல்லையை ஒட்டிய சில கடைகள் சீட்டை நேரில் தருவதில்லை. வாட்ஸ்ஆப்பில் அதன் படத்தை மட்டும் அனுப்பி, பணத்தைக் கைப்பேசி வழியாக வாங்கிக்கொண்டு, சீட்டு தங்களிடமே பத்திரமாக இருக்கும் என்றும் பரிசு விழுந்தால் தாங்களே அழைத்துச் சொல்வதாகவும் உறுதியளிக்கின்றன. அப்படி ஒரு கடையிடம் என் தாய்மாமா ஐம்பதாயிரம் ரூபாயை இழந்தார். புகார் விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரையும் ஊரையும் இங்கே குறிப்பிடவில்லை. ஆனால் அந்தக் கடை செய்ததை ஒன்று விடாமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதே முறையில் வேறு பலரும் ஏமாந்திருக்கிறார்கள் என்பது விசாரிக்க விசாரிக்கத் தெரியவந்தது.

நான் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பிறந்து வளர்ந்தவன். இந்தப் பகுதியில் கேரளத்துக்குள் இருந்தும் வீட்டு மொழி தமிழாகவே இருக்கும் குடும்பங்கள் ஏராளம். கோபாலபுரம், மீனாட்சிபுரம், வேலந்தாவளம், வாளையார் என்று எல்லை வழிகளில் லாட்டரிக் கடைகள் வரிசையாக நிற்பதற்குக் காரணம், அந்தப் பக்கத்திலிருந்து வரும் தமிழர்கள்தான். தமிழ்நாட்டில் 2003 ஜனவரியிலிருந்து எல்லா லாட்டரிகளுக்கும் தடை. அதற்கு முன்பு தமிழ்நாடு அரசே 1968-இல் பரிசுச் சீட்டுத் திட்டத்தைத் தொடங்கி நடத்தியிருந்தது. "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்ற வாசகம் பெரியவர்களுக்கு இன்றும் நினைவிருக்கும். தடை வந்த பிறகு, சீட்டு எடுத்துப் பழகியவர்கள் எல்லை தாண்டி வரத் தொடங்கினார்கள். பேருந்தில் வந்து வாங்கிப் போவது வரை இதில் சிக்கல் ஏதும் இல்லை. கேரளத்துக்குள் கையில் வாங்கிய சீட்டுக்குப் பரிசு விழுந்தால், வாங்கியவர் வேறு மாநிலத்தவர் என்பதற்காக அது மறுக்கப்படுவதில்லை. 2023 ஓணம் பம்பரில் முதல் பரிசான 25 கோடி ரூபாய், திருப்பூர்ப் பக்கத்தைச் சேர்ந்த நால்வர் கூட்டாக வாளையாரில் வாங்கிய சீட்டுக்குத்தான் விழுந்தது. அந்தச் செய்திக்குப் பிறகு எங்கள் எல்லைக் கடைகளில் கூட்டம் பல மடங்கு பெருகியதை நேரில் பார்த்தேன். படம் அனுப்பி விற்கும் பழக்கமும் அதன் பிறகுதான் இந்தப் பக்கத்தில் பரவலானது.

மாமா பொள்ளாச்சிக்கு அருகில் ஒரு தோப்பில் தேங்காய் உரிக்கும் வேலை செய்கிறார். சனிக்கிழமைதோறும் காருண்யா லாட்டரி எடுப்பது அவருடைய வழக்கம். 2011-இல் தொடங்கிய அந்த லாட்டரியின் வருமானத்திலிருந்துதான் காருண்யா நிதி வழியாகப் புற்றுநோய், இதய நோய், சிறுநீரக நோய், ஹீமோபிலியா ஆகியவற்றால் அவதிப்படும் ஏழைகளின் சிகிச்சைக்கு உதவி போனது. அத்தை சிறுநீரகக் கோளாறால் நெடுநாள் துன்பப்பட்டு இறந்தவர். "நமக்கு விழலைன்னாலும் யாரோ ஒரு நோயாளிக்குப் போய்ச் சேரட்டும் மாப்பிள்ளை" என்று மாமா என்னிடம் சொன்னதுண்டு.

முழங்கால் வலியால் பேருந்து ஏறுவது கடினமானபோது, கடைக்காரர் தாமாகவே அந்த ஏற்பாட்டைச் சொன்னார்: "அண்ணா, நீங்க எதுக்கு இவ்வளவு தூரம் வர்றீங்க? போட்டோ அனுப்புறேன், கூகுள் பேல பணம் போட்டுருங்க." மாமா எடுப்பது 'செட்'. கடைசி நான்கு இலக்கங்கள் ஒன்றாக இருக்கும் பத்துச் சீட்டுகளைச் சேர்த்துத் தருவதற்குத்தான் இங்கே அந்தப் பெயர். ஒரு சீட்டு 50 ரூபாய், பத்துக்கு 500 ரூபாய். கேரள வாராந்தர லாட்டரியில் முதல் பரிசு என்பது எழுத்து வரிசையும் ஆறு இலக்கங்களும் முழுமையாகப் பொருந்தும் ஒரே சீட்டுக்குத்தான். ஆனால் 5,000 ரூபாய் முதல் கீழே உள்ள பரிசுகள், கடைசி நான்கு இலக்கங்கள் பொருந்தும் எல்லாச் சீட்டுகளுக்கும் உண்டு. ஆகவே செட் எடுத்தவருக்கு அந்த நான்கு இலக்கம் விழுந்தால் பத்துச் சீட்டுக்கும் பரிசு. மாமாவுக்கு விழுந்தது 5,000 ரூபாய்ப் பரிசு. பத்துச் சீட்டுக்கு ஐம்பதாயிரம்.

அன்று மாலை மாமா அழைத்தபோது கடைக்காரர் வாழ்த்துச் சொன்னார். சீட்டுகளை லாட்டரி அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டதாகவும் பணம் வந்து சேரச் சில வாரங்கள் ஆகும் என்றும் கூறினார். இது முதல் பொய். 5,000 ரூபாய் வரையுள்ள பரிசை எந்த லாட்டரிக் கடையிலும் சீட்டைக் கொடுத்து உடனே பெற்றுக்கொள்ளலாம். பரிசு பெற்றவர் அலுவலகத்துக்கோ வங்கிக்கோ போக வேண்டியது அதற்கு மேற்பட்ட தொகைக்குத்தான். கடை கொடுத்த தொகையை அரசு பிறகு கடைக்குத் தந்துவிடும். ஏழைகளுக்கு வசதியாக இருக்கட்டும் என்று வைத்த இந்த ஏற்பாட்டில், சீட்டு உண்மையில் யாருடையது என்று பதிவு செய்யும் இடம் எதுவுமில்லை. சீட்டு கடைக்காரரிடமே இருந்தால் அவரே பரிசுக்காரர் ஆகிவிடலாம். மாமாவின் விஷயத்தில் நடந்ததும் இதுதான் என்று நம்புகிறேன்.

பரிசுச் சீட்டைக் குலுக்கல் நடந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. முடிவுத் தாளிலேயே, அரசிதழில் வெளியாகும் எண்களோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும்படியும் 30 நாட்களுக்குள் சீட்டைச் சமர்ப்பிக்கும்படியும் அச்சிட்டிருக்கும். இன்று, நாளை என்று இழுத்தடித்த கடைக்காரர், அந்தக் கெடு முடிந்தவுடன் குரலை மாற்றிக்கொண்டார். அந்தச் செட்டுக்கு மாமா அனுப்பிய பணம் குலுக்கல் நேரமான பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகுதான் வந்தது என்றும், அதனால் சீட்டை வேறொருவருக்கு விற்றுவிட்டதாகவும் சொன்னார். பணம் காலையிலேயே போய்ச் சேர்ந்த விவரம் கைப்பேசியில் நேரத்தோடு இருந்தது. அதைக் காட்டியதும் 500 ரூபாயைத் திருப்பி அனுப்பினார்.

பிறகுதான் நான் மாமாவை அழைத்துக்கொண்டு நேரில் போனேன். கடையில் எங்களுக்கு முன்பே ஆனைமலைப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் இதே குறையோடு நின்றிருந்தார். இரண்டு கைப்பேசிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். ஒரே படம். விசிறிபோல விரித்த பத்துச் சீட்டுகள், அவற்றைப் பிடித்திருக்கும் கட்டைவிரலில் நீலக் கல் மோதிரம், கீழே சிவப்பு பிளாஸ்டிக் விரிப்பில் ஒரு தேநீர்க் கறை. எழுத்து வரிசையிலிருந்து கடைசி இலக்கம் வரை எதுவும் மாறவில்லை. ஒரே செட்டைக் குறைந்தது இருவருக்கு விற்றிருக்கிறார்கள். இன்னும் எத்தனை பேருக்கு அந்தப் படம் போனதோ தெரியவில்லை. பரிசு விழாத வாரங்களில் இது யாருக்கும் தெரிய வாய்ப்பில்லை. ஒரு செட்டின் விலைதான் அரசுக்குப் போயிருக்கும். மற்றவர்கள் கொடுத்தது முழுவதும் கடைக்கு. நோயாளிக்குப் போகட்டும் என்று மாமா நினைத்துக் கொடுத்த பணம் எங்கே போனது என்பதை எண்ணும்போது எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

இதைவிட மோசமானது, அங்கேயே எங்களிடம் அவர் வைத்த சமரசம். காசாகத் தர முடியாது, வேண்டுமானால் "மூணு நம்பர்" கணக்கில் சில நாட்கள் இலவசமாக எழுதிக்கொள்ளுங்கள் என்றார். முதல் பரிசின் கடைசி மூன்று இலக்கங்களை முன்கூட்டிச் சொல்லிப் பணம் கட்டுவதுதான் அது. துண்டுத் தாளில் எழுதித் தருவார்கள். பலர் அதுவும் தருவதில்லை. கேரள அரசின் குலுக்கல் முடிவைப் பயன்படுத்திக்கொள்வதால் அதுவும் அரசு லாட்டரிதான் என்று நம்புகிறவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். அது அப்பட்டமான சூதாட்டம். 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் இந்த மூன்று நம்பர் லாட்டரியில் பணத்தை இழந்த ஒரு நகைத் தொழிலாளியின் குடும்பமே அழிந்துபோனது நினைவிருக்கும். மாமா அந்தப் பேச்சைக் கேட்டுக் கடையை விட்டு வெளியே வந்துவிட்டார்.

அரசின் மேற்பார்வை எங்கே இருக்கிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதை இந்த அலைச்சலில்தான் புரிந்துகொண்டேன். 1998-ஆம் ஆண்டின் மத்திய லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டப்படி, சீட்டை மாநில அரசே தன் சின்னத்தோடு அச்சிட வேண்டும். அரசே நேரடியாகவோ முகவர்கள் வழியாகவோ விற்க வேண்டும். விற்பனைப் பணம் அரசுக் கணக்கில் சேர வேண்டும். குலுக்கலை அரசே, தன் மாநிலத்துக்குள் நடத்த வேண்டும். யாரும் கோராத பரிசு அரசையே சேரும். முன்பே அறிவித்த எண்ணையோ ஒற்றை இலக்கத்தையோ வைத்துப் பரிசு தரக் கூடாது. தன் எல்லைக்குள் பிற மாநிலச் சீட்டுகளின் விற்பனையைத் தடை செய்யும் அதிகாரத்தையும் அதே சட்டம் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தருகிறது. அரசு நடத்தினாலும் லாட்டரி சூதாட்டமே என்று உச்ச நீதிமன்றம் 1999-இல் சொன்னதும் இந்தச் சட்டத்தைப் பற்றிய வழக்கில்தான். கேரளத்தில் இந்த விதிகள் பெரும்பாலும் ஒழுங்காகவே நடக்கின்றன. திருவனந்தபுரம் கோர்க்கி பவனில் நடுவர்கள் முன்னிலையில், பொதுமக்கள் பார்க்கக் குலுக்கல் நடக்கிறது. 1967-இல் தொடங்கி, 1968 ஜனவரி 26-இல் முதல் குலுக்கலை நடத்திய கேரள லாட்டரித் துறை அது. அச்சிடுவதிலிருந்து குலுக்கல் வரை கண்காணிப்பு இருக்கிறது. ஆனால் அந்தக் கண்காணிப்பு முழுவதும் காகிதச் சீட்டைச் சுற்றியே கட்டப்பட்டது. கேரள லாட்டரிக்கு இணைய விற்பனை கிடையாது. ஆகவே சீட்டின் படத்தை வாங்கியவர் துறையின் கணக்கில் வாங்குபவரே அல்ல.

லாட்டரி அலுவலகத்தில் பொறுமையாகத்தான் கேட்டார்கள். அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "ஒரிஜினல் சீட்டு எங்கே?" என்பது. அது இல்லாமல் பரிசைப் பற்றிப் பேச முடியாது என்றும், முகவர் இணையம் வழியாக விற்றார் என்பதை எழுத்தில் கொடுத்தால் அவருடைய உரிமத்தின் மேல் விசாரிக்கலாம் என்றும் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தோம். மாமா தம் ஊர்ப் பக்கத்துக் காவல் நிலையத்துக்குப் போனபோது, "லாட்டரியே இங்கே தடை, நீ எப்படி வாங்கினாய்?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். ஏமாற்றப்பட்ட மனிதரைக் குற்றவாளிபோல் விரட்டிய அந்தச் செயலை என்னால் ஏற்க முடியவில்லை. தமிழ்நாட்டுக்காரர் புகார் செய்ய அஞ்சுவார் என்ற இந்த ஒன்றை நம்பித்தான் இந்தக் கடைகள் துணிச்சலாக நடக்கின்றன. பின்னர் ஆனைமலைக்காரரும் மாமாவும் சேர்ந்து, கடை இருக்கும் கேரளக் காவல் எல்லையிலேயே மோசடிப் புகார் கொடுத்தார்கள். இப்போதைய குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவு ஏமாற்றுதலுக்கு உரியது. பணம் கைப்பேசி வழியாகப் போனதால் இணைய மோசடிக்கான 1930 எண்ணிலும் பதிவு செய்தோம்.

லாட்டரி விற்பவர்கள் எல்லோரும் இப்படி என்று யாரும் எண்ண வேண்டாம். எங்கள் பேருந்து நிலையத்தில் மூன்று சக்கர வண்டியில் அமர்ந்து விற்கும் பெரியவர் ஒருவர், சீட்டைக் கையில் கொடுத்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து பேனாவையும் எடுத்து நீட்டுவார். பின்பக்கம் பெயரும் முகவரியும் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அடுத்தவரைக் கவனிப்பார். எண்ணைத் திருத்திய போலிச் சீட்டைக் கொடுத்து அவரைப் போன்றவர்களிடம் பரிசுப் பணம் பறிக்கும் கும்பல்களும் உண்டு. நேர்மையாகப் பிழைக்கும் அவர்களின் பெயரையும் இந்தப் படக் கடைகள் கெடுக்கின்றன.

எடுப்பதாக இருந்தால் கேரளத்துக்குள் வந்து, காகிதச் சீட்டைக் கையில் வாங்கி, பின்பக்கத்தில் முகவரின் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, அங்கேயே உங்கள் பெயரை எழுதிவிடுங்கள். முடிவைக் கடைக்காரரிடம் கேட்காமல் துறை வெளியிடும் முடிவுத் தாளில் நீங்களே பாருங்கள். மலையாளம் தெரியாவிட்டாலும் எண்கள் எல்லோருக்கும் பொதுவானவை. எழுத்து வரிசை, கடைசி நான்கு இலக்கம் இரண்டையும் தனித்தனியாக ஒப்பிடுங்கள். நேரில் வர இயலாதவர்கள் எடுக்காமல் இருப்பதே நல்லது.

நீலக் கல் மோதிரமும் சிவப்பு விரிப்பும் உள்ள படம் உங்களில் யாருக்காவது வந்திருந்தால், அந்த உரையாடலையும் பணம் அனுப்பிய விவரத்தையும் அழித்துவிட வேண்டாம். எனக்குத் தெரிவியுங்கள். பரிசு விழாத வாரத்துப் படமாக இருந்தாலும் பரவாயில்லை. ஒரே சீட்டு பலருக்கு விற்கப்பட்டதை நிறுவ அதுவும் சான்றாகும். புகாரோடு இணைத்துக் கொடுக்க, எங்களைப் போன்ற இன்னும் சிலரின் கையெழுத்து தேவைப்படுகிறது.