அப்பான்ர தலையில ரியூப் இருந்த ரெண்டு நாள்: யாழ்ப்பாணத்தில ஒரு வாட் அனுபவம்

அப்பாக்கு 74 வயசு. கிணத்தடியில வழுக்கி விழுந்தவர், அண்டைக்கு ஒண்டும் தெரியேல்ல, நாலு கிழமை போனாப் பிறகுதான் இடக்கால் இழுபடத் தொடங்கினது, சேட் பொத்தான் பூட்டேலாம நிண்டவர், கதையும் மாறாட்டம். ஸ்கான் எடுத்துப் பாத்திட்டு மூளைக்கு மேல பழைய ரத்தம் தேங்கிக் கிடக்கு எண்டிச்சினம். ரத்தம் கட்டிபடாம இருக்க அஸ்பிரின் போட்டுக்கொண்டிருந்தவர், அதை உடன நிப்பாட்டினவை.

செய்தது அரசாங்க ஆஸ்பத்திரியில, ஒரு சதமும் செலவில்ல. கீழ குறையும் சொல்லப்போறன், அதால பேர் போடேல்ல. மண்டையோட்டில ரெண்டு ஓட்டை போட்டுக் கழுவி, மெல்லிய ரியூப் ஒண்டை விட்டு வெளியில பை கொழுவினவை. முதல் நாள் பையில வந்தது பழைய என்ஜின் ஒயில் மாதிரிக் கறுப்பு, அடுத்த நாள் விடிய வெளிறின தேத்தண்ணி நிறம்.

அதைப் பாத்திட்டு அக்கா "குறைஞ்சிட்டுது தானே டொக்டர், கழட்டி விடுங்கோ, மனுசன் படுத்த படுக்கையாக் கிடக்குது" எண்டு கெஞ்சினவ. டொக்டர் கோபிக்கேல்ல, கட்டிலடியில நிண்டு விளங்கப்படுத்தினவர்: கெதியா எடுத்தா மிச்சம் உள்ளுக்க நிண்டு திரும்பச் சேரலாம், கனநாள் விட்டா கிருமி ஏறலாம், அதால 48 மணித்தியாலம். பேந்து நானும் தேடி வாசிச்சன், கேம்பிரிட்ஜில செய்து 2009இல லான்செட் எண்ட மருத்துவ சஞ்சிகையில வந்த ஆய்வில ரியூப் வைச்ச ஆக்களில 9.3 வீதத்துக்குத்தான் ரத்தம் திரும்பச் சேர்ந்திருக்கு, வைக்காத ஆக்களில 24 வீதம். அவையும் வைச்சது 48 மணித்தியாலம்தான். சரியா நேரம் பாத்து, கட்டில்லயே நேர்ஸ் மெதுவா இழுத்து எடுத்து தையலை இறுக்கினவ, அப்பா "ஆ" எண்டதோட சரி. அடுத்த நாள் தானே பொத்தான் பூட்டினவர்.

குறை என்னெண்டா, ரெண்டாம் நாள் ஸ்கானுக்கு ட்ரொலியில ஏத்தேக்க ரியூபை அடைக்காமலே பையைத் தூக்கித் தலையணைக்கு மேல வைச்சிட்டினம். பை தலைக்குக் கீழதான் இருக்கோணும், இல்லாட்டி வடிஞ்சது திரும்ப உள்ளுக்க போயிடும். ஒரு நேர்ஸ் கண்டு ஓடி வந்தபடியால் தப்பினம், எங்களுக்கு அதுவரைக்கும் ஒருத்தரும் சொல்லேல்ல. துண்டு வெட்டி வீட்டை விடேக்கையும் என்னத்தைக் கவனிக்கோணும் எண்டு நாங்களாக் கேட்டுத்தான் எழுதினது: தலையிடி கூடினா, எந்த நேரமும் நித்திரை தூங்கினா, கை கால் சோந்தா, அண்டைக்கே கொண்டு வரட்டாம். இதை ஒரு தாளில அடிச்சுக் குடுக்கலாம், அதுக்குப் பெரிய செலவில்ல.