குரூப் 4: போனில் பாடமா, சென்டரில் பாடமா?

மதுரையில் அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குப் படிக்க உட்காரும் எல்லோருக்கும் வரும் கேள்விதான். மாதக்கணக்கில் பணம் கட்டி கோச்சிங் சென்டருக்குப் போவதா, போனிலேயே வீடியோ பார்த்துக்கொள்வதா? மொத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்காது. தேர்வைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: 200 கேள்விகள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தமிழுக்கு 100 கேள்வி, பொது அறிவுக்கு 75, திறனறிவுக் கணக்குக்கு 25.

தமிழுக்கு, என்னைக் கேட்டால், இரண்டுமே பெரிதாகத் தேவையில்லை. பள்ளித் தமிழ்ப் புத்தகங்களை வரி விடாமல் படித்தவரை எந்த வகுப்பும் முந்தாது. புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இலக்கணம் முரண்டு பிடித்தால் மட்டும் ஒரு வீடியோ பார்க்கலாம்.

கணக்கில்தான் விஷயம் இருக்கிறது. முதல் தடவை புரிந்துகொள்ள வீடியோவை அடிக்க ஆளில்லை. நூறு பேர் உட்கார்ந்திருக்கும் ஹாலில் கூட்டுவட்டி புரியவில்லை என்று கை தூக்க எத்தனை பேருக்கு மனசு வரும்? போனில் நாலு தரம் பின்னால் ஓட்டினாலும் கேலி செய்ய யாரும் இல்லை. ஆனால் பார்த்ததையே தெரிந்ததாக நினைத்துக்கொள்ளும் ஆபத்தும் அங்கேதான். கண்ணன் 12 நாளிலும் ராஜா 6 நாளிலும் முடிக்கிற வேலையை இருவரும் சேர்ந்து 4 நாளில் முடிப்பார்கள். சார் போட்டுக் காட்டும்போது இவ்வளவுதானா என்று தோன்றும். இரண்டு நாள் கழித்து ராஜா விலகிவிட்டார், மீதி வேலைக்குக் கண்ணனுக்கு எத்தனை நாள் என்று கேட்டால் பேனா நின்றுவிடும். (பாதி வேலை மிச்சம், அதனால் 6 நாள்.) நல்ல சென்டரில் சார் பெஞ்சுக்கு வந்து நோட்டைப் பார்த்து, எந்த வரியில் தடம் மாறியது என்று விரல் வைத்துக் காட்டுவார். அப்படி நோட்டைப் பார்க்காமல் மைக்கில் பேசிவிட்டுப் போகிற சென்டர் என்றால், அதுவும் வீடியோ மாதிரிதான். என்ன, பின்னால் ஓட்ட முடியாது!

பொது அறிவுக்கு வீடியோ பார்ப்பவர்கள் முதலில் அது வெளியான தேதியைப் பாருங்கள். பள்ளிப் பாடப்புத்தகங்கள் 2018 முதல் படிப்படியாக மாறின. தமிழ்த் தாள் கட்டாயம் என்ற அரசாணை 2021 டிசம்பரில் வந்தது. இந்த மாற்றங்களுக்கு முந்தைய வீடியோக்கள் இன்னும் லட்சக்கணக்கில் பார்க்கப்பட்டுக்கொண்டே இருக்கின்றன.

பயணக் கணக்கும் உண்டு. உசிலம்பட்டிக்கு அப்பாலிருந்து தினமும் மதுரைக்கு வந்து போனால் படிக்கிற நேரத்தில் பாதி பஸ்ஸில் கரையும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் கிடையாது, சரி. போகிற நேரத்தை யார் தருவார்?

இருந்தாலும் நேரடியாகப் போயே ஆக வேண்டியது ஒன்று இருக்கிறது: மாதிரி டெஸ்ட். ஓ.எம்.ஆர். தாளில் மூன்று மணி நேரம் எழுந்திருக்காமல் வட்டம் நிரப்புவது தனிப் பழக்கம். விடை தெரியாத கேள்வியையும் சும்மா விட முடியாது, அதற்கென்று இருக்கிற ஐந்தாவது வட்டத்தைக் கருப்பாக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில், அடுப்படியிலிருந்து கறிக்குழம்பு வாசம் வரும்போது, தானாகக் கடிகாரம் வைத்து முழுத் தேர்வு எழுதி முடிப்பவர் அபூர்வம்.

அதனால் முழு கோர்ஸுக்குக் கட்டுகிற பணத்தை மிச்சம் பிடித்து டெஸ்ட் பேட்சில் மட்டும் சேருங்கள் என்பேன். பாடத்துக்கு வீடியோ போதும். வீட்டில் இடைஞ்சல் என்றால் புது நத்தம் சாலையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, போட்டித் தேர்வுக்கென்றே தனிப் பிரிவும் உண்டு. நேரடி வகுப்பு வேண்டும், பணமில்லை என்பவர்கள் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவச வகுப்பு எப்போது தொடங்குகிறது என்று கேட்டுப் பார்க்கலாம்.

தட்டச்சர் பதவி மேல் கண் இருப்பவர்களுக்குத் தட்டச்சுப் பயிற்சியில் மட்டும் இந்த அலசலே தேவையில்லை. டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் தேர்வுகளைப் பாஸ் பண்ண தினமும் இன்ஸ்டிட்யூட்டில் மெஷின் முன்னால் உட்கார வேண்டும். தப்பான விரலால் அடிக்கும்போது போன் எதுவும் சொல்லாது.