வீட்டுக் கடன் தவணை தவறியவர்கள் கவனத்திற்கு: முன்பணம் கேட்கும் ‘ஆலோசகர்’களை நம்பாதீர்கள்

நியூ ஜெர்சியில் வசிக்கும் நாங்கள், சென்ற ஆண்டு என் வேலை பறிபோனதும் இரண்டு மாத வீட்டுக் கடன் தவணையைக் கட்ட முடியாமல் தவித்தோம். அந்த நேரம் பார்த்து, வங்கியோடு பேசித் தவணையைப் பாதியாகக் குறைத்துத் தருவதாக ஒரு தனியார் நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. மேலே கழுகு முத்திரையும் கீழே ஒரு வழக்கறிஞரின் பெயரும் இருந்ததால், அதை அரசாங்கக் கடிதம் என்றே நம்பி 3,500 டாலர் முன்பணம் கட்டினோம்.

இனி வங்கிக்குப் பணம் கட்ட வேண்டாம், அவர்கள் அழைத்தால் எடுக்கவும் வேண்டாம் என்று அந்நிறுவனத்தார் கனிவாகச் சொன்னதுதான் எங்களை மூழ்கடித்தது. நான்கு மாதம் கழித்து, வழக்குத் தொடரப்போவதாக வங்கி அனுப்பிய பதிவுத் தபாலைக் கையில் வைத்துக்கொண்டு நானே வங்கியை அழைத்தபோது, எங்கள் சார்பில் ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை என்றார்கள்.

கடனை வெளியே சொல்வது மானக்கேடு என்று யாரிடமும் கேட்காமல் இருந்துவிட்டோம். கோயிலில் வாராவாரம் பார்க்கும் நண்பர் ஒருவர், இதே நிலையில் மத்திய வீட்டு வசதித் துறையான ‘ஹட்’ அங்கீகரித்த ஆலோசகரிடம் ஒரு காசு செலவில்லாமல் உதவி பெற்றவர் என்பது பிறகுதான் தெரிந்தது. நாங்களும் அத்தகைய ஆலோசகரிடம் சென்றோம். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், வரிப் படிவம் ஆகியவற்றோடு, வருமானம் நின்ற காரணத்தை விளக்கும் கடிதத்தையும் சேர்த்து அவர் எங்கள் விண்ணப்பத்தை முழுமையாக்கினார். பொதுவாகத் தவணை தவறி 120 நாள் கடக்கும் முன் வங்கி வழக்குத் தொடர முடியாது என்பதையும், வங்கி எழுத்தில் தரும் சலுகையை நாம் ஏற்கும் முன் இத்தகைய நிறுவனங்கள் கட்டணம் வாங்குவதை மத்திய விதி தடுக்கிறது என்பதையும் அவரே விளக்கினார். வழக்கறிஞர்களுக்கு அதில் சில விலக்குகள் உண்டு. கடிதத்தில் வழக்கறிஞர் பெயர் ஏன் இருந்தது என்பது அப்போதுதான் புரிந்தது.

நிலுவையை அசலோடு சேர்த்துக் கடன் காலத்தை வங்கி நீட்டித்ததால் வீடு தப்பியது. ஆனால் அந்த நான்கு மாத வட்டியும் அபராதமும் எங்கள் தலையில்தான் விழுந்தன. முன்பணம் திரும்பவில்லை. மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். வீட்டைத் தற்காலிகமாகத் தங்கள் பெயருக்கு மாற்றித் தரும்படி அந்நிறுவனம் அனுப்பிய பத்திரத்தில் என் மனைவி மட்டும் கையெழுத்திட மறுத்திருந்தார். அந்தப் பத்திரத்தையும் புகாரோடு இணைத்துள்ளோம். ஹட் ஆலோசகரைக் கண்டறிய 800-569-4287 என்ற எண்ணை அழைக்கலாம்.